யூல் இரவில் காளி பெயர் வந்தது. இது அழைப்பா? நான் என்ன செய்ய?

செம்பவாங் பேத்தி | டிசம்பர் 22, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல் முறையாக இழை தொடங்குகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சிங்கப்பூரில், பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த தோழிகள் நாங்கள் ஐந்து பேர். அதில் ஒருத்தி யுரேசியப் பெண், ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சம். பிரிட்டனில் நாலு வருடம் இருந்தபோது அங்கே ஒரு பேகன் வட்டத்தில் சேர்ந்து, சூரியனையும் பருவங்களையும் ஒட்டி ஆண்டுக்கு எட்டு விழா கொண்டாடும் வழக்கத்தோடு திரும்பி வந்தாள். அதில் யூல் என்பது டிசம்பர் 21ஐ ஒட்டி வருவது. வட நாடுகளில் அதுதான் ஆண்டிலேயே நீண்ட இரவு. மறுநாளிலிருந்து பகல் வளரத் தொடங்கும். இருட்டு முற்றிய இரவில் சூரியன் மறுபடி பிறக்கிறது என்று வைத்துக்கொள்கிறார்கள்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பார்பிக்யூ அடுப்பு ஒன்றை முன்பதிவு செய்திருந்தோம். கடற்கரையில் வேறெங்கும் தீ மூட்ட முடியாது அல்லவா? ஆனால் மதியம் பிடித்த மழை விடவே இல்லை. பிடோக்கில் ஒரு தோழியின் வீட்டுக்குப் போய்விட்டோம். பதினான்காவது மாடி. ஹாலி இலைக்குப் பதிலாக நான் தேக்கா சந்தையில் மாவிலையும் வேப்பிலையும் வாங்கிப் போனேன். சீனத் தோழி தாங் யுவான் செய்து வந்தாள். அவர்களுக்கும் அன்றுதான் டோங்ஸி. இஞ்சி போட்ட சர்க்கரைப் பாகில் மிதக்கும் அரிசி மாவு உருண்டைகளை வீட்டார் எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிடும் நாள். வட ஐரோப்பாவின் விழாவும் சீனாவின் விழாவும் ஒரே மேசையில் வந்து உட்கார்ந்ததே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

எல்லா விளக்கையும் அணைத்துவிட்டோம். மழைச் சத்தம் மட்டும். இந்த ஆண்டோடு விட்டுவிட நினைப்பதை ஒவ்வொருவரும் சொன்னோம். அப்புறம் மூன்று குழி தோண்டிய ஒரு கட்டையில் மெழுகுவத்திகளை வைத்து ஏற்றினோம். யுரேசியத் தோழி தேவியரின் பெயர்களை வரிசையாகப் பாடினாள். ஐசிஸ், டயானா, ஹெக்கேட், டிமீட்டர், அப்புறம் காளி.

அந்தப் பெயர் வந்ததும் என் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. கைகள் நடுங்கின, கண்ணில் தண்ணீர் கொட்டியது. பயம் இல்லை. யாரோ வெகுநாள் கழித்து வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவது போல இருந்தது. ஒரு நிமிடம்தான் இருக்கும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. என் அப்பாயிக்கு அருள் வரும். செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது உடுக்கைச் சத்தம் கேட்டால் போதும் என்பார்கள். வீவக அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் பேச்சே நின்றுவிட்டது. எனக்கு ஒன்பது வயதில் அவர் இறந்துபோனார். வீட்டில் இதைப் பற்றிக் கேட்டால், "படிச்ச பிள்ளை உனக்கு எதுக்கு அதெல்லாம்" என்று அம்மா முடித்துவிடுவார்.

தோழி சொல்கிறாள்: எனக்கு அழைப்பு வந்திருக்கிறதாம். அவர்கள் வழக்கப்படி ஓராண்டும் ஒரு நாளும் கற்றபிறகு தீட்சை பெறலாமாம். எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, உறுத்தலாகவும் இருக்கிறது. காளியை அந்த வரிசையில் வைத்துக் கூப்பிட்டது சரியா? இது அழைப்பு என்றால் யாருடைய அழைப்பு?

தோபாயோ அக்கா | டிசம்பர் 23, காலை 7.15

தங்கச்சி, மனம்விட்டு எழுதியதற்கு நன்றி. உன்னைப் புண்படுத்த எழுதவில்லை, ஆனால் நினைப்பதைச் சொல்கிறேன்.

முதலில் உடம்பு. இப்போது தூக்கம் எப்படி இருக்கிறது? யாருமில்லாதபோது குரல் கேட்கிறதா? அப்படி ஏதாவது இருந்தால் சாமி ஒரு பக்கம் இருக்கட்டும், மருத்துவரைப் போய்ப் பார். இரண்டாவது, யாராவது இதற்குப் பணம் கேட்டாலோ வீட்டுக்குத் தெரியக்கூடாது என்றாலோ அன்றே விலகிவிடு. எந்த மதத்து ஆளாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

இனி காளி. ஏழெட்டுப் பெயர்களில் ஒன்றாக அவளைப் பாட்டில் சேர்ப்பது எனக்கு ஏற்கவில்லை. அவளுக்கு ஒரு முறை இருக்கிறது, விரதம் இருக்கிறது, நாள் இருக்கிறது. நம்மிடம் இல்லாத எதை அங்கே தேடுகிறாய்? தீட்சை எல்லாம் வேண்டாம்.

பழைய கம்பத்தான் | டிசம்பர் 23, முற்பகல் 10.50

பேகன் என்று தலைப்பின் கீழ் பார்த்ததும் மயிலுக்குப் போர்வை கொடுத்த நம் வள்ளல் பேகனைப் பற்றி யாரோ எழுதியிருக்கிறார்கள் என்றுதான் உள்ளே வந்தேன். வந்தது நல்லதாயிற்று.

அம்மா, எனக்கு 71 வயது. அப்பா கடற்படைத் தளத்தில் கூலி வேலை. உன் அப்பாயியைப் போல அருள் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் நடந்த ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1960களில் தளத்தில் வேலை பார்த்த ஒருவருக்குக் கனவு வந்தது. கென்பெரா சாலையோரம் ஒரு மரத்தடியில் முருகன் இருப்பதாக. அந்த மரத்தடியில் கும்பிடத் தொடங்கியதுதான் பின்னால் புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயம் ஆனது. இன்று ஈசூனில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு ஆயிரக்கணக்கில் காவடியும் பால்குடமும் போகிறதே, அதே கோயில்தான். மரம், கனவு, ஒரு தொழிலாளி. ஆகம விதியெல்லாம் பின்னால்தான் வந்தது. அதனால் மரத்தையும் மழையையும் கும்பிடுகிறவர்களைப் பார்த்து எனக்கு வியப்பு வரவில்லை.

அருள் வந்தால் ஊரில் உடனே காலில் விழுந்துவிட மாட்டார்கள். பெரியவர் ஒருவர் முன்னால் வந்து கேட்பார்: நீ யார், எதற்கு வந்தாய், உனக்கு என்ன வேண்டும்? பதில் வரும்வரை விடமாட்டார். சந்தேகம் இருந்தால் பூப்போட்டுப் பார்ப்பார்கள். வந்தது சாமிதானா, ஆளின் ஆசையா, உடம்புக் கோளாறா என்று பிரித்துப் பார்க்கிற வேலை ஊருடையது. வந்தவர் தானே முடிவு செய்துகொள்வதில்லை. உனக்கு அந்த ஊர் இல்லை. அதனால்தான் இங்கே வந்து கேட்கிறாய் என்று நினைக்கிறேன்.

இன்னொரு கேள்வி, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூப்பிட்டீர்களே, அனுப்பி வைத்தீர்களா? திருநீறு பூசி, தண்ணீர் கொடுத்து, சாமி மலையேறியதும்தான் உடுக்கையைக் கீழே வைப்பார்கள். அன்றிரவு பாட்டு முடிந்ததும் என்ன செய்தீர்கள்?

நாள்மீன் | டிசம்பர் 23, மதியம் 1.20

ஆன்மிகத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சூரியனைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 1.3 பாகை வடக்கே. டிசம்பர் 21இல் இங்கே பகல் சுமார் 12 மணி 3 நிமிடம். ஜூன் 21இல் 12 மணி 12 நிமிடம். ஆண்டு முழுக்க வித்தியாசமே ஒன்பது நிமிடம்தான். ஆக நீண்ட இரவு என்பதை நீங்கள் உடம்பால் உணர்ந்திருக்க முடியாது. ஆனால் அன்று ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். இங்கே அது நிழலில் நடக்கிறது.

புளோக்குக்குக் கீழே ஒரு குச்சியை நேராக நட்டு வையுங்கள். டிசம்பரில் நம் உச்சிப்பொழுது சுமார் 1 மணி 3 நிமிடத்துக்கு வரும். அப்போது சூரியன் தலைக்கு நேரே இருக்காது, தெற்கே ஏறத்தாழ 25 பாகை சாய்ந்திருக்கும். நிழல் வடக்கே விழும். நாளாக ஆக அது குட்டையாகிக்கொண்டே வந்து மார்ச் 23 அல்லது 24இல் காணாமல் போய்விடும். அப்புறம் தெற்குப் பக்கம் விழத் தொடங்கும். ஜூனில் அந்தப் பக்கம் நீண்டு, செப்டம்பர் 19, 20 வாக்கில் திரும்பவும் காணாமல் போய், மறுபடி வடக்கே. லண்டனில் இருப்பவருக்கு உச்சிப்பொழுது நிழல் எப்போதும் வடக்கேதான். நமக்குப் பக்கம் மாறும்.

இன்னொன்று, நம்மவர்களுக்கு. யூலும் பொங்கலும் பிறந்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். உத்தராயணம் என்பது சூரியன் வடக்கே திரும்புகிற திருப்பம், அது உண்மையில் நடப்பது டிசம்பர் 21, 22இல். நாம் தை முதல் நாளை மகர ராசியை வைத்துக் கணக்கிடுகிறோம். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்ந்து, இன்றைக்கு இரண்டுக்கும் 24 நாள் இடைவெளி விழுந்துவிட்டது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒரே நாள். ஆக உங்கள் தோழி ஏற்றிய மெழுகுவத்தியும் உங்கள் அம்மா வைக்கிற பொங்கல் பானையும் வரவேற்பது ஒரே சூரியனின் ஒரே திருப்பத்தைத்தான்.

தோபாயோ அக்கா | டிசம்பர் 23, மதியம் 1.45

இது எனக்குத் தெரியாது, தம்பி. நன்றி.

வெள்ளிமுளை | டிசம்பர் 23, இரவு 9.30

நான் எட்டு ஆண்டுகளாக இந்த வழியில் தனியாக நடக்கிறேன். தமிழ்ப் பையன், ஜூரோங். இங்கே இதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் ஏங்கியிருக்கிறேன். அதனால் நானும் நீளமாக எழுதப்போகிறேன்.

கம்பத்து ஐயா, பேகன் என்று நீங்கள் படித்ததும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இந்தச் சொல் லத்தீனில் 'பாகானுஸ்'. நாட்டுப்புறத்து ஆள், கிராமத்தான் என்று பொருள். நகரத்து மதத்துக்கு மாறாமல் பழைய தெய்வங்களோடு இருந்துவிட்டவர்களுக்குப் பின்னால் அது பெயரானது. நாம் நாட்டார் தெய்வம் என்கிறோமே, அதில் உள்ள நாட்டாரை அப்படியே லத்தீனில் சொன்ன மாதிரி.

அக்காவுக்கு ஒரு விளக்கம். இது சாத்தானைக் கும்பிடுவது இல்லை, அந்தக் கருத்தே இந்த வழியில் கிடையாது. ஆனால் இது பல்லாயிரம் ஆண்டுகளாக அறுபடாமல் வந்தது என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். பேகன் வழியில் விக்கா என்ற பிரிவை உருவாக்கியவர் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். பிறந்தது 1884. இலங்கையில் தேயிலைத் தோட்டம், பிறகு போர்னியோ, அப்புறம் மலாயாவில் ரப்பர், கடைசியில் ஜொகூரில் சுங்க அதிகாரி. கிரிஸ் முதலிய மலாய் ஆயுதங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1936இல் சிங்கப்பூரில்தான் வெளிவந்தது. அதே ஆண்டு ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1951இல் அங்கே பழைய சூனியச் சட்டம் நீக்கப்பட்டபிறகு இந்த வழியை வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். எட்டு விழாவும் சேர்ந்த சக்கரம் 1950களில் உருவானது. விக்காவை உண்டாக்கியவர் நம்மை மலேசியாவோடு இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜொகூரில், வருடக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார் என்பதை முதலில் படித்தபோது எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

சக்கரம் புதிது, அதன் சில பற்கள் மிகப் பழையவை. அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்ற கல்மேடு இருக்கிறது. 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. டிசம்பர் 21ஐ ஒட்டிய சில காலைகளில் மட்டும், உதய வெயில் வாசலுக்கு மேலே உள்ள சிறு திறப்பு வழியாக நுழைந்து, 19 மீட்டர் நீளமுள்ள பாதையைக் கடந்து உள்ளறையைத் தொடும். அதை நம் காலத்தில் முதலில் உள்ளேயிருந்து பார்த்தது 1967இல், அகழாய்வு செய்த பேராசிரியர். அந்தக் கல்லை அடுக்கியவர்கள் யாரைக் கும்பிட்டார்கள் என்பதற்கு எழுத்து இல்லை. வெயில் மட்டும் ஆண்டுதோறும் வருகிறது.

பேத்தி, காளி விஷயத்தில் நான் அக்கா பக்கம். அந்தப் பெயர் வரிசை எனக்கும் தெரியும். அவள் பெயர் வரும் இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன். எல்லாத் தேவியரும் ஒருத்தியே என்று அந்த வழியில் பலர் நம்புகிறார்கள், அதை மனதார நம்பிப் பாடுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அவள் இன்னொருத்தியின் மறுபெயர் இல்லை. அவளுக்குத் தெரு இருக்கிறது, ஊர் இருக்கிறது, கூழ் குடித்துவிட்டு நிற்கிற சனம் இருக்கிறது.

ஐயா கேட்ட கேள்வி எங்கள் வழியிலும் உண்டு. வட்டம் போட்டால் வட்டத்தைத் திறக்க வேண்டும். அழைத்த திசைகளுக்கும் தெய்வங்களுக்கும் நன்றி சொல்லி விடைகொடுத்த பிறகுதான் சாப்பாடு. உங்கள் தோழி அதைச் செய்தாரா?

எட்டு விழாவை அப்படியே இங்கே நட்டு வளர்க்க முடியாது என்று எனக்குப் புரிய மூன்று வருடம் பிடித்தது. பிப்ரவரி 1இல் பனி உருகுவதைக் கொண்டாட நான் எங்கே போக? இப்போது இந்த மண்ணைப் பார்த்து நாள் வைக்கிறேன். டிசம்பரில் வடகிழக்கு மழைக்கு விளக்கு. ஜனவரி கடைசியில் காற்று வறளும், சில ஆண்டுகளில் அதை ஒட்டியே தைப்பூசம் வரும், அன்று தண்ணீர்ப் பந்தலில் நிற்பேன். மார்ச், ஏப்ரலில் சாலையோரத்து ட்ரம்பெட் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டும்போது ஒரு நாள். விடியற்காலையில் ஜன்னலை உடைக்கிற மாதிரி சுமத்ரா காற்று அடிக்கத் தொடங்கும்போது ஒரு நாள். டுரியான் விழும் ஜூன், ஜூலையில் ஒரு நாள். இப்போது நாள்மீன் சொன்ன நிழல் இல்லாத நாளையும் சேர்த்துக்கொள்வேன்.

கீத பவனி | டிசம்பர் 24, அதிகாலை 12.50

நான் கிறிஸ்தவன். இப்போதுதான் வீடு வீடாகப் பாடிவிட்டு நனைந்துபோய் வந்து உட்கார்ந்தேன். பேகன் வழிபாட்டை என்னால் ஏற்க முடியாது, அதை மறைக்கவில்லை. ஆனால் சகோதரி, அழைப்பு என்ற சொல்லை நாங்களும் சபையில் அடிக்கடி சொல்வோம். ஊழியத்துக்கு வருகிறவரிடம் முதலில் கேட்பது, உனக்கு என்ன உணர்வு வந்தது என்பதை அல்ல. யாருக்காகப் போகிறாய் என்றுதான். உங்கள் அப்பாயிக்கு வந்தது யாருக்காக வந்தது? அதைத் தெரிந்துகொண்டீர்களா? உங்களுக்காக இன்றிரவு ஜெபிக்கிறேன்.

செம்பவாங் பேத்தி | டிசம்பர் 24, இரவு 10.05

ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை படித்தேன். அக்கா, தூக்கம் நன்றாக இருக்கிறது, குரல் எதுவும் கேட்கவில்லை, யாரும் ஒரு வெள்ளி பணம் கூடக் கேட்கவில்லை.

ஐயா கேட்டதற்குப் பதில் சொல்ல மனம் கஷ்டப்படுகிறது. அனுப்பவில்லை. பாட்டு முடிந்ததும் நான் அழுதுகொண்டிருந்தேன், எல்லோரும் என்னைத் தேற்ற வந்துவிட்டார்கள். அதே நேரம் ஒருத்திக்கு வீட்டிலிருந்து போன். அப்புறம் தாங் யுவான் ஆறுகிறது என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். மெழுகுவத்தி அதுபாட்டுக்கு எரிந்து அணைந்தது. தோழியிடம் இன்று கேட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. வட்டத்தைத் திறக்க மறந்தது தன் தவறு என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கீத பவனி அண்ணா, அப்பாயி யாருக்காக ஆடினார் என்று எனக்குத் தெரியவில்லை. ஈசூனில் அத்தை இருக்கிறார். அவரைக் கேட்கப்போகிறேன்.

பழைய கம்பத்தான் | டிசம்பர் 25, காலை 8.30

மறந்தது குற்றமாகாது அம்மா. பிள்ளைகள் கூப்பிட்டதற்கு அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். வெள்ளிக்கிழமை சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போங்கள். ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில் சனங்கள் ஓடிவந்து ஒதுங்கிய கோயில் அது. ஒரு தேங்காய், எலுமிச்சை மாலை போதும். கூப்பிட்டவளும் கூட வரட்டும். "வந்தாய், சந்தோஷம், எங்களுக்கு முறை தெரியவில்லை" என்று அவள் தன் பாஷையிலேயே சொல்லட்டும்.

தோபாயோ அக்கா | டிசம்பர் 25, காலை 9.10

ஐயா, பாட்டில் சேர்த்ததே தப்பு என்கிறேன், நீங்கள் கோயிலுக்கே கூட்டிப் போகச் சொல்கிறீர்கள். வேடிக்கை பார்க்க வருவது போல ஆகிவிடாதா?

வெள்ளிமுளை | டிசம்பர் 25, காலை 9.40

அக்கா, வேடிக்கை பார்க்கிறவர் முகம் வாடமாட்டார். லோயாங் துவா பெக் கோங் கோயிலில் ஒரே கூரையின் கீழ் பிள்ளையார், புத்தர், தாவோயிசத் தெய்வங்கள், மலாய் மண்ணின் காவல் தெய்வமான டத்தோ கோங் எல்லோரும் இருக்கிறார்கள். அங்கே வருகிறவர்கள் யாரும் யாருடைய சாமியையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. மாற்றாரின் பெயரைப் பாட்டில் எடுத்து ஆளுவது வேறு, அவர் வாசலுக்கே போய்ச் செருப்பைக் கழற்றுவது வேறு என்பது என் எண்ணம்.

தோபாயோ அக்கா | டிசம்பர் 25, இரவு 11.20

காலையிலிருந்து யோசித்தேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் நான் வாதாடுவது சரியில்லை. என் அம்மாவுக்கும் வரும். எனக்குப் பதின்மூன்று வயதில், பால்குடம் எடுத்துப் போன வழியில், பள்ளித் தோழிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டது. நான் அம்மாவைத் தெரியாதவள் போல எதிர்ப்பக்கம் நகர்ந்து நின்றேன். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. இன்றுவரை அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

தீட்சை வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் உன்னைப் போல ஒரு பிள்ளை, உடம்பு சிலிர்த்ததை மறைக்காமல் நாலு பேர் முன்னால் சொல்கிறதே, அது எனக்கு அன்று முடியவில்லை.

செம்பவாங் பேத்தி | ஜனவரி 17, இரவு 9.00

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். பொங்கல் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். அம்மா பானை வைத்தபோது, இது 24 நாள் பிந்திய யூல் என்று சொன்னேன். முதலில் புரியவில்லை. நிழல் கதையைச் சொன்னதும் ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார்.

கோயிலுக்கு ஐந்து பேரும் போனோம். வெள்ளிக்கிழமைக் கூட்டம். யுரேசியத் தோழி சேலை கட்டிக்கொண்டு வந்தாள், மடிப்பு நிற்காமல் ஊக்கு ஊக்காகக் குத்தினோம். அம்மன் முன்னால் அவள் நெடுநேரம் நின்றாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. தீபாராதனை காட்டியபோது எனக்கு எதுவும் நடக்கவில்லை. சிலிர்ப்பு இல்லை, கண்ணீர் இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த படபடப்பு இல்லை என்பதைக் கவனித்தேன்.

அடுத்த ஞாயிறு அத்தை வீட்டுக்குப் போனேன். அப்பாயியைப் பற்றிக் கேட்டதும் சமையலறையில் போய் நின்றுகொண்டார். நான் விடவில்லை. கடைசியில் அலமாரி மேலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை இறக்கினார். மஞ்சள் துணியில் திருநீறு, ஒரு ஜோடிச் சலங்கை.

நான் நினைத்துக்கொண்டிருந்த அப்பாயி வேறு. அத்தை சொன்ன அப்பாயி வேறு. அவருக்கு அருள் வருவது பிடிக்கவே பிடிக்காதாம். ஆடி பிறந்தால் பயப்படுவாராம். வந்து போனபிறகு இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் படுத்திருப்பாராம். தாத்தாவிடம், எனக்கு வேண்டாம் என்று சொல்லச் சொல்லிக் கோயிலுக்கு அனுப்பியிருக்கிறார். ஆனால் குடியிருப்பில் எந்த வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டாலும் ஆள் வந்து கூப்பிடுவது அப்பாயியைத்தான். தமிழர் வீடு, மலையாளிகள் வீடு, ஒரு முறை சீனர் வீடு. போய் வேப்பிலை விரித்து, இரவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, சொறியாதபடி கையைப் பிடித்துக்கொண்டு தாலாட்டுப் பாடுவாராம். மூன்றாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை தன் வீட்டுக்கு வரமாட்டாராம். சாமி வருகிற உடம்பு என்பதால்தான் ஊர் அவரைக் கூப்பிட்டது, கூப்பிட்டதால் அவரால் மறுக்க முடியவில்லை என்றார் அத்தை. கீத பவனி அண்ணா, உங்கள் கேள்விக்கு இதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

சலங்கையை அத்தை எனக்குக் கொடுக்கவில்லை. திரும்ப டின்னில் வைத்துவிட்டார். அந்தத் தாலாட்டைப் பாடச் சொன்னேன். பாதிதான் நினைவிருந்தது. "தனியா உக்காந்து கேட்டா வராது. நாலு பேரு இருந்தாதான் வரும். உன் கூட்டாளிங்களைக் கூட்டிட்டு வா" என்றார். அடுத்த வாரம் ஐந்து பேரும் ஈசூன் போகிறோம். பாட்டை போனில் பதிவு செய்யப்போகிறேன்.

தீட்சையைப் பற்றி: ஓராண்டும் ஒரு நாளும் என்ற அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அது என்னை இப்போது முடிவெடுக்கச் சொல்லவில்லை. தோழியும் அவசரமில்லை என்கிறாள். அதுவரை அவளோடு விழாக்களுக்கு இருப்பேன். வெள்ளிக்கிழமை வீட்டில் விளக்கேற்றுகிறேன், அது அம்மாவுக்குத் தெரியும். காளி பெயரை அந்த வரிசையில் இனிப் பாடுவதில்லை என்று தோழியே சொல்லிவிட்டாள்.

மார்ச் 23இல் எங்கள் புளோக்குக்குப் பின்னால் உள்ள திடலில் குச்சி நடப்போகிறோம். நாள்மீன் அண்ணா, எத்தனை மணிக்கு?

நாள்மீன் | ஜனவரி 17, இரவு 9.25

மதியம் 1 மணி 11 நிமிடம். ஒரு மணிக்கே வந்துவிடுங்கள், மேகம் மூடினால் மறுநாளும் பார்க்கலாம், வித்தியாசம் தெரியாது. குச்சி நேராக நிற்க வேண்டும், தூக்குநூல் ஒன்று கொண்டுவருகிறேன்.

பழைய கம்பத்தான் | ஜனவரி 18, காலை 6.50

எங்கள் வரிசை வீட்டில் என் தம்பிக்கு அம்மை போட்டபோது ஓர் அம்மா வந்து மூன்று இரவு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பெரிய பொட்டு, இடது கையில் பச்சை குத்தியிருக்கும். பெயர் நினைவில்லை. உன் அத்தையிடம் கேட்டுச் சொல்கிறாயா?

தோபாயோ அக்கா | ஜனவரி 18, காலை 7.30

தங்கச்சி, ஈசூனுக்கு நானும் வரலாமா? அம்மா பாடிய தாலாட்டில் கொஞ்சம் எனக்குத் தெரியும். உன் அத்தைக்கு நினைவில்லாத பாதி அதுவாக இருக்கலாம்.

செம்பவாங் பேத்தி | ஜனவரி 18, காலை 7.42

வாருங்கள் அக்கா. ஞாயிறு மூன்று மணி, ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நிற்கிறேன். ஐயா, அத்தைக்கு இப்போதே போன் போட்டேன். இடது கையில் பச்சை, தேள் உருவம் என்கிறார்.